உயர்தர ஆல்-இன்-ஒன் கணினி: படைப்புத் துறையினர் கேட்டவையும் என் பதில்களும்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் புகைப்படம், அச்சு, ஒலிப்பதிவு, அசைவூட்டம் முதலிய வேலைகளில் இருப்பவர்கள் ஒரே கேள்வியைப் பல விதமாக அனுப்பியிருக்கிறார்கள்: திரையும் கணினியும் ஒன்றாக அமைந்த விலையுயர்ந்த ஆல்-இன்-ஒன் தங்கள் தொழிலுக்கு ஏற்றதா? இத்துறையினருக்குக் கணினி பொருத்திக் கொடுத்தும் பழுது பார்த்தும் வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: திருமணப் படங்கள் எடுக்கிறேன் ஐயா. கடைக்குப் போனால் செயலியில் எத்தனை கோர் என்றுதான் முதலில் சொல்கிறார்கள். நான் எதை முதலில் பார்க்க வேண்டும்? (புகைப்படக் கலைஞர், செந்தூல்)

திரையைப் பாருங்கள். இவ்வகைக் கணினிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு உரிய காரணம் திரை ஒன்றுதான். மற்றவற்றைத் தனிப்பெட்டிக் கணினியில் அதே விலைக்கோ அதற்குக் குறைவாகவோ வாங்கிவிடலாம்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். மணப்பெண்ணின் அரக்குச் சிவப்புப் பட்டில் மடிப்புகளின் நிழலும் சரிகையின் ஓரமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். எஸ்ஆர்ஜிபி என்னும் சாதாரணத் திரைகளின் வண்ண எல்லைக்குள் மட்டும் காட்டும் திரையில் அந்தச் சிவப்பு எல்லையை முட்டி நின்றுவிடுவதால், மடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து புடவை ஒரே வண்ணத் திட்டாகத் தெரியும். அதைவிட விரிந்த பி3 என்னும் வண்ண எல்லை கொண்ட திரை சிவப்பிலும் பச்சையிலும் இன்னும் சற்றுத் தூரம் போகும்; கேமரா பதிவு செய்த வேறுபாட்டை நீங்கள் கண்ணால் பார்த்தே திருத்தலாம். ஆயினும் ஆல்பம் அச்சிடும் படக்கூடங்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி கோப்பையே கேட்கின்றன. ஆகவே, அனுப்புவதற்கு முன் அவர்களுடைய தாளுக்குரிய வண்ணக் குறிப்புக் கோப்பைக் (ஐசிசி) கேட்டு வாங்கி, அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒளிர்வு. 500 நிட் (திரை ஒளிர்வின் அலகு) வரை ஒளிரும் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் படம் திருத்திவிட்டு, அச்சில் கறுத்துவிட்டதே என்று படக்கூடத்தோடு சண்டை போடுபவர்கள் நம்மில் உண்டு. அச்சு வேலைக்கு 100 முதல் 120 நிட் வரை போதும். அறை வெளிச்சத்துக்கேற்ப நிறத்தையும் ஒளிர்வையும் தானாக மாற்றும் வசதிகளை அணைத்துவிட்டு, அளவீட்டுக் கருவி ஒன்றை வாங்கி மாதம் ஒரு முறை திரையைச் சரிசெய்யுங்கள். இரண்டாவது லென்ஸ் வாங்க எடுத்து வைத்த பணத்தில் ஒரு சிறு பகுதி அதற்குப் போதும்.

கேள்வி: 27 அங்குலத்தில் 4கே திரைக்கும் 5கே திரைக்கும் உண்மையிலேயே வேறுபாடு தெரியுமா? (காணொளித் தொகுப்பாளர், பட்டர்வொர்த்)

தெரியும்; உங்கள் வேலையில் அது நன்றாகவே தெரியும். 5கே திரையில் 5120-க்கு 2880 புள்ளிகள் உள்ளன. 3840-க்கு 2160 அளவுள்ள 4கே காட்சியைச் சுருக்காமல், புள்ளிக்குப் புள்ளி அப்படியே வைத்த பிறகும், காலக்கோட்டுக்கும் கருவிப் பலகைகளுக்கும் ஓரத்தில் இடம் மிஞ்சும். 4கே திரையில் காட்சியே முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சுருக்கிப் பார்த்துத்தான் ஃபோகஸ் சரியா என்று முடிவு செய்வீர்கள்.

கேள்வி: அசைவூட்டம் செய்கிறேன். ரேம் 16 ஜிபி போதும் என்று விற்பனையாளர் சொல்கிறார். தேவைப்பட்டால் பிறகு கூட்டிக்கொள்ளலாமா அண்ணே? (வரைகலைஞர், கிள்ளான்)

போதாது தம்பி, காரணத்தைக் கணக்காகவே காட்டுகிறேன். ஒரு 4கே சட்டகத்தில் (ஃபிரேம்) ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்களும் ஒளிபுகும் அளவும் சேர்ந்து நான்கு மதிப்புகள். 16 பிட் ஆழத்தில் ஒரு மதிப்புக்கு 2 பைட். ஆக ஒரு சட்டகத்துக்கு 66 எம்பி. நொடிக்கு 25 சட்டகம் என்றால், பத்து நொடி முன்னோட்டம் மட்டும் 16 ஜிபியைத் தாண்டிவிடும். இயங்குதளத்துக்கும் மென்பொருளுக்கும் அங்கே இடமே இல்லை. 32 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். கனமான அடுக்குகள் வைப்பவர் என்றால் 64 ஜிபி.

பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பது பழைய கதை. இன்டெல் செயலியோடு வந்த ஆப்பிளின் 27 அங்குல ஆல்-இன்-ஒன்னான ஐமேக்கில் பின்புறம் ஒரு சிறு கதவு இருந்தது; திறந்து நாமே ரேம் மாற்றினோம். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகளில் நினைவகம் சில்லோடு ஒன்றாகவே பதிந்து வருகிறது. வாங்கும் நாளில் எடுத்ததுதான் கடைசி வரை. எம்4 சில்லு கொண்ட 24 அங்குல ஐமேக்கில் 32 ஜிபிக்கு மேல் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. உங்களுக்கு 64 ஜிபி தேவை என்றால், ஆல்-இன்-ஒன் ஆசையை விட்டுத் தனிப்பெட்டியும் தனித் திரையும் வாங்குவதே சரி.

கேள்வி: மூன்று கேமராக் காட்சிகளை அலுவலகச் சேமிப்பகத்தில் வைத்து, இரண்டு பேர் வலை வழியாகவே தொகுக்கிறோம். காட்சி விக்கி விக்கி ஓடுகிறது. கணினியை மாற்றினால் தீருமா? (தயாரிப்புக் குழு, பெட்டாலிங் ஜெயா)

கணினியில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வலைக் கம்பியின் கொள்ளளவைப் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் புரோரெஸ் 422 எச்கியூ என்னும் உயர்தரக் காணொளிக் கோப்பு வடிவில், 25 சட்டக 4கே காட்சி ஒன்றே நொடிக்கு 90 எம்பிக்குச் சற்று மேல் கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 330 ஜிபி. சாதாரண கிகாபிட் வலையின் உச்சமே நொடிக்கு 125 எம்பி. மூன்று கேமராவும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், அதுவும் இரண்டு மேசையில் என்றால், அது நடக்காது. 10 கிகாபிட் துளை உள்ள கணினியும் அதற்கேற்ற சுவிட்சும் (வலைக் கம்பிகளை இணைக்கும் பெட்டி) சேமிப்பகமும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டுக்கும் போட்ட பணம் வீண். அதுவரை, குறைந்த அளவுள்ள நகல் கோப்புகளை வைத்துத் தொகுத்து, இறுதியில் மட்டும் மூலக் கோப்போடு இணையுங்கள்.

கேள்வி: பழைய ஐமேக் புரோ ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (ஓய்வுநேரத் தொகுப்பாளர், ஜார்ஜ்டவுன்)

2017 டிசம்பரில் 4,999 அமெரிக்க டாலரில் தொடங்கிய கணினி அது. இன்டெலின் சியோன் செயலி, தரவுப் பிழையைத் தானே திருத்தும் நினைவகம், 10 கிகாபிட் வலை என்று ஒரு கூடத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. 2021-இல் விற்பனை நின்றது. மேக்ஓஎஸ் சிகோயா இயங்குதளத்தோடு அதற்கான புதிய பதிப்புகளும் முடிந்தன. திரை இன்றும் அருமையாகவே இருக்கும், ஆனால் அந்தத் திரையை வேறொரு கணினிக்கு மானிட்டராகக் கம்பி போட்டு இணைக்க முடியாது. 2009 முதல் 2014 நடுப்பகுதி வரை வந்த ஐமேக் பலவற்றில் இருந்த அந்த வசதி 5கே மாடல்களில் வரவேயில்லை.

ஆல்-இன்-ஒன் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். நல்ல திரை பத்தாண்டு உழைக்கும். கணினி ஐந்தாறு ஆண்டில் மூச்சு வாங்கும். ஒன்றாக ஒட்டிவிட்டால் இரண்டும் ஒரே நாளில் ஓய்வு பெறுகின்றன. எச்பி 2012-இல் கொண்டுவந்த இசட்1, திரையை மேலே தூக்கினால் உள்ளே எல்லாவற்றையும் கழற்றி மாற்றும்படி அமைந்திருந்தது. அந்த வழியில் மற்றவர்கள் போகாதது வருத்தம்தான். சில விண்டோஸ் மாடல்களில், வேறொரு கணினியை இணைத்துத் திரையை மட்டும் பயன்படுத்த உதவும் எச்டிஎம்ஐ உள்ளீடு உண்டு. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். ஐமேக் புரோவைப் பொறுத்தவரை, மிக மலிவாகக் கிடைத்தால் மட்டும்.

கேள்வி: வீட்டிலேயே குரல் பதிவு செய்கிறேன். விசிறிச் சத்தம் மைக்கில் விழுமா? (குரல் கலைஞர், பிரிக்பீல்ட்ஸ்)

பதிவின்போது கணினிக்குப் பெரும் வேலை இல்லையென்றால் விழாது அம்மா. ஆனால் ஏர்கோன் அணைத்த அறையில் வெப்பம் 30 பாகையைத் தாண்டும்போது, மெல்லிய உடலுக்குள் அடைபட்ட சூட்டை வெளியேற்ற விசிறி விரைவாகச் சுழலத்தான் செய்யும். தனிப்பெட்டியை அடுத்த அறையில் வைத்துவிடலாம். ஆல்-இன்-ஒன்னோ மைக்குக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கும். உங்களுக்குத் தனிப்பெட்டிதான்.

கேள்வி: தமிழ் இதழ் வடிவமைக்கிறேன். விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாறினால் எழுத்துகள் குலையுமா? (பக்க வடிவமைப்பாளர், ஈப்போ சாலை)

யூனிகோடில் உள்ளவை குலையா. மேக்கில் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைமுறையும் இயங்குதளத்தோடே வருகின்றன. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறந்தால்தான் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் அடித்த இதழ்களை மட்டும் மேக்குக்கு மாறுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாலையானால் இடியும் மழையும்தான். இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பொருளை எப்படிக் காப்பது? (ஓவியர், ஷா ஆலம்)

மின்சாரம் நின்றாலும் மின்கலத்திலிருந்து கணினிக்குக் கொடுக்கும் யுபிஎஸ் ஒன்று கட்டாயம். உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவைப் பார்க்காமல் வாட் அளவைப் பாருங்கள். உச்ச வேலையில் 300 வாட்டைத் தாண்டும் மாடல்கள் உண்டு. வெளியீடு வீட்டு மின்சாரத்தைப் போலவே சீரான தூய சைன் அலையாக இருக்கட்டும். பழைய கடைவீட்டில் வாடகைக்கு இருந்தால், மூன்று முனைச் செருகியின் எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று மின் பணியாளரை அழைத்துச் சோதியுங்கள். எர்த் இல்லாத இடத்தில் மின்னல் தடுப்புப் பட்டை பெயருக்குத்தான் இருக்கும். இடி நெருங்கினால் கணினியை முறையாக அணைத்து, மின் செருகியோடு வலைக் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.