போலிஷ் வினைச்சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

கேள்வி: மேற்படிப்புக்காக வ்ரோட்ஸ்வாஃப் வந்து எட்டு மாதம் ஆகிறது. ‘ப்ஷெச்சிதாலிபிஷ்மி’ மாதிரி நீளமான வினை வந்தால் நாக்கு நின்றுவிடுகிறது. கடைசிக்கு முந்தைய அசையை அழுத்த வேண்டும் என்று படித்தேன். அப்படிச் சொன்னால் ஆசிரியை திருத்துகிறார். ஏன்?

பதில்: ஆசிரியை திருத்துவது சரி, நீங்கள் படித்த விதியும் சரி. ஆனால் அது ஒற்றைச் சொல்லுக்கான விதி. உங்களிடம் இருப்பது வால் ஒட்டிய சொல்.

முதலில் அசை. மெய்க்கூட்டத்தைக் கண்டு மிரளாமல் உயிரை மட்டும் எண்ணுங்கள். போலிஷில் இந்தச் சொல்லுக்கு 16 எழுத்து, உயிர் ஆறே. அதனால் ஆறு அசை: ப்ஷெ-ச்சி-தா-லி-பி-ஷ்மி. (ச்சி, பி, ஷ்மி மூன்றிலும் வருவது சரியான இகரம் அல்ல, இகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்ட ஒலி. தமிழில் அதற்கு எழுத்தில்லை.)

இனி உறுப்புகள். பள்ளியில் பகுபதத்தைப் பிரித்தோமே, அதே வேலைதான். ‘ப்ஷெ’ என்றால் ‘முழுக்க’. ‘படித்து முடித்தோம்’ என்று நாம் பின்னால் சேர்ப்பதை அவர்கள் முன்னொட்டாக வைக்கிறார்கள். ‘ச்சித்’ வினையடி, ‘ஆ’ அதைத் தொடரும் உயிர், ‘ல்’ இறந்தகாலம். ‘இ’ பன்மை, அதுவும் கூட்டத்தில் ஓர் ஆணாவது இருந்தால்தான். பெண்கள் மட்டும் என்றால் ‘ப்ஷெச்சிதாவிபிஷ்மி’. ‘பி’ நிபந்தனை. ‘ஷ்மி’ நம் ‘ஓம்’ விகுதி. ஆக, ‘படித்து முடித்திருப்போம்’.

உறுப்பின் எல்லையும் அசையின் எல்லையும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். ‘ச்சித்’தும் ‘ஆ’வும் சேரும்போது ‘ச்சி-தா’ ஆகிறது. ‘படித்தோம்’ என்பதில் ‘த்’தும் ‘ஓம்’மும் கலந்து ‘தோ’ ஆகவில்லையா, அப்படி.

அழுத்தத்துக்கு வருவோம். ‘ஷ்மி’ ஒரு காலத்தில் தனிச்சொல், ‘இருக்கிறோம்’ என்பதன் தேய்ந்த வடிவம். இன்றும் அது முழுசாக ஒட்டவில்லை. ‘க்தி’ என்ற இணைப்புச் சொல் முன்னால் வந்தால் ‘பிஷ்மி’ கழன்று அதனோடு போய்விடும்: ‘க்திபிஷ்மி ப்ஷெச்சிதாலி’, அதாவது ‘படித்து முடித்திருந்தால்’. மிச்சமிருக்கும் ‘ப்ஷெச்சிதாலி’யில் உங்கள் விதிப்படி அழுத்தம் ‘தா’வில். வால் திரும்ப வந்து ஒட்டினாலும் அழுத்தம் அங்கேயே நிற்கும், கடைசியிலிருந்து நான்காவது அசையில். தெருவில் பலர் இதை மீறிப் பேசுவதைக் கேட்பீர்கள். தேர்வில் நீங்கள் மீறாதீர்கள்.

நீளத்தைப் பார்த்தே வால் இருக்கிறது என்று நினைத்துவிடவும் கூடாது. போலந்துக் குழந்தைகள் நாக்குச் சுளுக்கச் சொல்லிப் பழகும் ‘போவிவாமிவானிமி’யில் ஏழு அசை. கால்கள் ஒவ்வொன்றாக உடைத்தெடுக்கப்பட்ட மேசையைப் பற்றிய சொல் அது. ‘போ’ ஒவ்வொன்றாக, ‘வி’ வெளியே, ‘வாம்’ உடை. பிறகு தொடர்வினை, செயப்பாட்டு, வேற்றுமை உருபு. இதில் கழலும் உறுப்பு எதுவும் இல்லை. அதனால் அழுத்தம் பழையபடி ‘னி’யில். ‘ச்சிதாமி’ (படிக்கிறோம்) என்பதன் ‘மி’யும் கழலாது: ச்சி-தா-மி, அழுத்தம் ‘தா’வில்.

ஒரு பொறி மட்டும் பாக்கி. ‘அவ்தோ’ (கார்) என்பதில் ‘ஏ’, ‘யூ’ எழுத்துகள் சேர்ந்து ஒரே அசை. ‘ஸாஉஃபாலிபிஷ்மி’ (நம்பியிருப்போம்) என்பதில் அதே இரண்டும் முன்னொட்டு முடியும் இடத்தில் சந்திப்பதால் தனித்தனி அசை: ஸா-உ-ஃபா-லி-பி-ஷ்மி. அழுத்தம் எங்கே என்று இப்போது நீங்களே வாலைக் கழற்றிப் பாருங்கள்.