வரலாற்றுப் பந்தியின் ‘பிரதான நோக்கம்’: பந்தியில் உள்ளதையே தெரிந்தும் விடை ஏன் பிழைக்கிறது?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். மகள் தரம் 11. கிரகித்தலில் வரலாற்றுப் பந்தி வந்தால் ‘இப்பந்தியின் பிரதான நோக்கம் யாது?’ என்ற வினாவில்தான் அவளுக்குப் புள்ளி போகிறது. அவள் தெரிவு செய்யும் விடயம் பந்தியில் இருக்கத்தான் செய்கிறது. பிறகு எப்படி அது பிழையாகும்? வீட்டில் எப்படிப் பயிற்சி கொடுக்கலாம்?

பதில்: ‘பந்தியில் இருக்கிறதா?’ என்று பார்ப்பதால்தான் பிள்ளை வழுக்குகிறாள். அது ‘எந்த ஆண்டு, யார், எங்கே’ என்ற வினாக்களுக்குப் பொருத்தமான சோதனை. நோக்கத்தைக் கேட்கும் வினாவில் நான்கு தெரிவுகளுள் இரண்டு பந்தியில் உள்ள உண்மைகளாகவே இருக்கலாம். எழுதியவர் அந்த உண்மைகளை எதற்காக அடுக்கினார் என்பதே இங்கு வினா. நமது ஊர்ப் பந்தி ஒன்றையே எடுத்துப் பார்ப்போம்.

“மட்டக்களப்புக் கோட்டையை மக்கள் ஒல்லாந்தர் கோட்டை என்று அழைக்கின்றனர். இதனால் அதை முதலில் கட்டியவர்கள் ஒல்லாந்தர் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் 1628இல் அங்கு கோட்டை எழுப்பியவர்கள் போர்த்துக்கேயரே. 1638 மே மாதத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுடன் கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். இலங்கையில் அவர்களிடம் முதலில் வீழ்ந்த போர்த்துக்கேயக் கோட்டையும் அதுவாகும். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆகவே இப்பெயர் கோட்டையை வைத்திருந்தவர்களுள் ஒரு சாராரைக் குறிக்கிறதேயன்றி, அதைத் தொடங்கியவரைக் குறிக்கவில்லை.”

தெரிவுகள்:
(1) 1638இல் கோட்டை கைப்பற்றப்பட்ட விதத்தை விபரித்தல்.
(2) இலங்கையில் ஐரோப்பியர் ஆட்சி வரலாற்றைச் சுருக்கிக் கூறல்.
(3) கோட்டையைப் பாதுகாக்க வேண்டும் என வலியுறுத்தல்.
(4) கோட்டையைத் தொடங்கியவர் பற்றிய தவறான எண்ணத்தைத் திருத்தல்.

முதலில் பென்சிலால் ஒவ்வொரு வசனத்தின் ஓரத்திலும் அது செய்யும் வேலையை ஒரே சொல்லில் எழுதச் சொல்லுங்கள். வசனம் என்ன சொல்கிறது என்பதை எழுதினால் அது வெறும் சுருக்கமாகிவிடும். இங்கே முதல் வசனம் அறிமுகம். இரண்டாவது, பிறர் கருத்து. மூன்றாவது, மறுப்பு. நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் பின்கதை. ஏழாவது, முடிவு. பிறர் கருத்து, மறுப்பு, முடிவு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றன, விடை (4).

ஐயம் இருந்தால் கையால் மறைத்துப் பார்க்கலாம். 1638 பற்றிய வசனத்தை மறைத்தாலும் கடைசி வசனம் விழாமல் நிற்கிறது. 1628 வசனத்தை மறைத்தால் பந்தியே குலைந்துவிடுகிறது. எதை எடுத்தால் முடிவு நிற்காதோ, அதற்குப் பக்கத்தில்தான் நோக்கம் இருக்கும்.

தமிழில் எழுதியவரின் மனம் இடைச்சொற்களில் வெளிப்படும். இலக்கணப் பாடத்தில் படித்ததை இங்கே பயன்படுத்தப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். ‘போர்த்துக்கேயரே’ என்பதில் உள்ள ஏகாரம், ஒல்லாந்தரைப் பிரித்து விலக்கி, போர்த்துக்கேயரை உறுதிப்படுத்துகிறது. எழுதியவர் அழுத்தம் கொடுத்த இடம் அது. ‘கோட்டையும் அதுவாகும்’ என்பதில் உள்ள உம்மையோ ‘இதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்’ என்கிறது. அது பக்கத் தகவல். ‘எனப் பலர் எண்ணுகின்றனர்’, ‘என்று கருதப்படுகிறது’, ‘என்பர்’ என வரும்போது எழுதியவர் அந்தக் கருத்திலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கக்கூடும். அடுத்து ‘ஆனால்’, ‘எனினும்’, ‘உண்மையில்’ வந்தால் மறுப்புத் தொடங்கிவிட்டது. ‘வேண்டும்’, ‘கூடாது’ என்று முடிந்தால் வலியுறுத்தலோ எச்சரிக்கையோ இருக்கலாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றிய பந்தி அழிவை மட்டும் சொல்லி நின்றால் அது விபரித்தல். ‘கரையோரத்தில் இருப்போர் முன்னறிவித்தலை அலட்சியம் செய்யக் கூடாது’ என்று முடிந்தால், அதே அழிவு எச்சரிக்கைக்கான சான்றாகிவிடுகிறது.

இனிப் பிழையான தெரிவுகளைப் பாருங்கள். (1) ஒரு வசனத்துக்கு மட்டும் பொருந்துகிறது, மிகக் குறுகியது. உங்கள் மகள் பெரும்பாலும் விழுவது இதில்தான். ஆண்டும் மன்னர் பெயரும் கண்ணில் பட்டதும் அதுவே முக்கியம் என்று தோன்றிவிடுகிறது. (2) மிக அகன்றது. ஒரு கோட்டையைப் பற்றிய ஏழு வசனம் நாட்டின் ஆட்சி வரலாறு ஆகாது. (3) நல்ல கருத்துத்தான், ஆனால் பந்தியில் இல்லை. கோட்டைக்குச் சுற்றுலா போய் வந்த பிள்ளை தன் மனதில் உள்ளதைப் பந்தியின் மேல் ஏற்றிவிடுவாள். தெரிந்த ஊரைப் பற்றிய பந்தியில் இந்த ஆபத்து கூடுதல்.

தெரிவின் வினைச்சொல்லையும் பொருளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ‘விபரித்தல்’ எப்படி இருந்தது, எப்படி நடந்தது என்பதைச் சொல்லும். ‘விளக்குதல்’ ஏன், எதனால் என்பதைச் சொல்லும். ‘ஒப்பிடல்’ என்றால் இரண்டு பொருள்கள் பந்தி முழுக்க வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வந்தால் போதாது. ‘போர்த்துக்கேயரின் கட்டடக்கலை பற்றிய தவறான எண்ணத்தைத் திருத்தல்’ என்று ஒரு தெரிவு வந்தால் வினை சரி, பொருள் பிழை. அவசரத்தில் முதல் பாதியை மட்டும் வாசிப்பவர்களுக்கு வைத்த பொறி அது.

இன்னொரு குழப்பம்: தலைப்பு, மையக்கருத்து, நோக்கம் மூன்றையும் ஒன்றாக எண்ணுவது. மேலுள்ள பந்தியின் தலைப்பு ‘மட்டக்களப்புக் கோட்டை’. மையக்கருத்து, ‘அதைத் தொடங்கியவர்கள் போர்த்துக்கேயர்’. நோக்கம், ‘தவறான எண்ணத்தைத் திருத்தல்’. மூன்றையும் மூன்று வரியில் எழுதப் பழகினால் இந்தக் குழப்பம் பெரிதும் குறையும்.

ஆண்டு வரிசையில் வந்தாலே வாழ்க்கை வரலாறு என்று முடிவெடுப்பதும் பிழை. சுவாமி விபுலாநந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தார், விஞ்ஞானம் கற்றார், விஞ்ஞான ஆசிரியராக இருந்தார், பழந்தமிழர் யாழை ஆராய்ந்தார், 1947இல் ‘யாழ் நூல்’ அரங்கேறியது என்று ஒரு பந்தி போகலாம். ‘இந்த விஞ்ஞானப் பயிற்சியே நரம்புகளின் சுர அளவுகளைக் கணக்கிட அவருக்குக் கைகொடுத்தது’ என்று ஒரு வசனம் நடுவில் வந்துவிட்டால், ஆண்டுகள் எல்லாம் அந்தக் காரணத்துக்குச் சேவகம் செய்கின்றன. அப்போது நோக்கம், விஞ்ஞானக் கல்வி இசை ஆராய்ச்சிக்கு உதவியதை விளக்குதல்.

வீட்டுப் பயிற்சிக்குப் புதிதாகப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. வரலாற்றுப் பாடநூலில் நாளுக்கு ஒரு பந்தி, ஐந்து முதல் எட்டு வசனம் உள்ளதாக எடுங்கள். வாசித்து முடித்ததும் நூலை மூடி, ‘எழுதியவர் … பற்றி … செய்கிறார்’ என்ற அச்சில் ஒரே வரி எழுதட்டும். கடந்தகால வினாத்தாள் செய்யும்போதும் தெரிவுகளைத் தாளால் மறைத்து, முதலில் தன் வரியை எழுதிய பின்னரே அவற்றைத் திறக்க வேண்டும். தெரிவுகளை முதலில் வாசித்தால் அவை பிள்ளையின் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும்.

வாரத்துக்கு ஒரு நாள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கோட்டைப் பந்தியின் அதே தகவல்களைக் கொடுத்து, ‘1638இல் கோட்டை ஏன் வீழ்ந்தது?’ என்பதை விளக்கும் பந்தியாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். 1638 முதல் வசனத்துக்கு ஏறும், மன்னனுடன் செய்த கூட்டு நடுவுக்கு வரும், 1628 ஓரத்துக்குப் போகும். மாற்றி எழுதியதும் இரண்டு பந்திகளையும் அருகருகே வைத்து, எந்த வசனம் இடம் மாறியது, எந்த ஏகாரம் விழுந்தது என்று அவளே கோடிட்டுக் காட்டட்டும்.