ஏழு குயில்ட் பாதியில் கிடக்கிறது, எதை முதலில் எடுப்பது?

கேள்வி: மூன்று வருடமாக வீட்டில் குயில்ட் (துண்டுத் துணிகளை ஒட்டி, அடுக்கித் தைக்கும் போர்வை மாதிரி) தைக்கிறேன். முழுசாக முடித்தது ஒன்றே ஒன்று, அதுவும் குஷன் உறை. இப்போது ஏழு வேலை பாதியில் நிற்கிறது. பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு ஒன்று (துணி வாங்கியதோடு சரி, தை மாதம் பிரசவம்). மதுரைச் சுங்குடிச் சேலைகளை வெட்டித் தொடங்கிய டபுள் காட் போர்வை, 42 பிளாக்கில் (துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரம்) 20 முடிந்தது. மேல்துணி முழுவதும் தைத்து ஒரு வருடமாக மடித்தே வைத்திருக்கும் இன்னொரு டபுள் காட் போர்வை. ஊக்கு குத்திப் பாதி தைத்த மேஜை விரிப்பு. காகிதத்தின் மேல் துணியை மடித்துக் கையால் தைக்கும் அறுகோணத் துண்டுகள். பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடும் ஒன்று. பனியன் துணியும் காட்டனும் கலந்து ஆரம்பித்த ஒன்று. ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்கிறார் கணவர். அலமாரியில் பாதி போய்விட்டது என்று அவருக்குக் கவலை. இரண்டு படுக்கையறை ஃப்ளாட், சாப்பாட்டு மேஜைதான் தையல் மேஜை. என்ன செய்யலாம்? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில் ஒரு ஆறுதல். அமெரிக்காவில் குயில்ட் தைக்கிறவர்கள் இப்படிப் பாதியில் கிடப்பவற்றுக்கு 'யு.எஃப்.ஓ.' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பறக்கும் தட்டு இல்லை, முடியாத பொருள் என்பதன் சுருக்கம். பெயர் வைக்கும் அளவுக்கு எல்லார் வீட்டிலும் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் சொல்வது கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் இந்த வேலைக்கு அது ஒத்துவராது. ஒரு குயில்ட் என்பது உண்மையில் நாலைந்து வெவ்வேறு வேலை. வெட்டுவதற்கு மேஜையும் நல்ல வெளிச்சமும் வேண்டும், அந்த நேரத்தில் ஃபேனை வேறு நிறுத்தியாக வேண்டும். பிளாக் தைப்பதற்கு மிஷின் முன்னால் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்ப்பதற்கு ஹால் தரை முழுவதும் காலியாக வேண்டும், கூட ஒரு ஆளும் வேண்டும். கைத்தையலுக்கு மடி இருந்தால் போதும், கரண்ட் போனாலும் ஓடும். ஒன்றை மட்டும் வைத்திருந்தால், அது ஹால் தரைக்காகக் காத்திருக்கும் வாரங்களில் நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் எத்தனை வேலை என்று நான் எண்ணுவதில்லை, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று மட்டும் பார்ப்பேன். வெட்டில் ஒன்று, மிஷினில் ஒன்று, அடுக்கு சேர்த்துத் தைப்பதில் ஒன்று, கையில் ஒன்று, ஆக நாலு வரைக்கும் ஒரு வீட்டில் தாராளமாக ஓடும். ஒரே கட்டத்தில் மூன்று நின்றால்தான் மலைப்பு வரும்.

பெரும்பாலும் எல்லாருக்கும் வேலை நிற்கும் இடமும் ஒன்றேதான்: மேல்துணி தைத்தாகிவிட்டது, பஞ்சு அடுக்கும் அடித்துணியும் வைத்துச் சேர்ப்பது பாக்கி. உங்கள் டபுள் காட் போர்வை ஒரு வருடமாக மடிப்பில் இருப்பதும் இதனால்தான். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள், சோபாவை நகர்த்துவதுதான் பிரச்சினை. இதற்கு என் வழி, சோபாவை ஒரு தடவைதான் நகர்த்துவது, அன்றைக்கே இரண்டு குயில்ட்டை அடுக்கிவிடுவது. உங்களுக்கு அந்த இரண்டும் இந்தப் போர்வையும் குழந்தையின் குயில்ட்டும்தான்.

அடித்துணி இல்லையே என்று தள்ளிப் போட்டிருந்தீர்களானால், ஒரு கணக்கு சொல்கிறேன். மேல்துணி 72 x 84 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் 4 இன்ச் கூடுதல் விட்டால் 80 x 92 வேண்டும். கடையில் 44 இன்ச் அகலத்துணி எடுத்தால் இரண்டு நீளம் ஒட்ட வேண்டும், துவைத்தால் சுருங்குவதையும் சேர்த்து 5 மீட்டர். ஆனால் ஒரு பழைய காட்டன் சேலையே போதும். ஐந்தரை மீட்டர் என்பது 216 இன்ச். நடுவில் வெட்டினால் ஆளுக்கு 108, இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தைத்தால் அகலம் 90 இன்ச் பக்கம் வந்துவிடும். பல தடவை துவைத்த சேலை என்பதால் இனி சுருங்கவும் சுருங்காது, ஊசியும் வெண்ணெயில் போவது போலப் போகும். புது பெட்ஷீட்டை அடித்துணியாக வைக்காதீர்கள், நெசவு நெருக்கமாக இருக்கும், கையால் தைத்தால் விரல் கழன்றுவிடும். நடுவில் வைக்க காட்டன் பேட்டிங் (விரிப்பாக வரும் பஞ்சு அடுக்கு) கிடைத்தால் சரி, நம் ஊர் வெயிலுக்கு ஃபிளானல் துணியோ நைந்த காட்டன் போர்வையோ போதும் என்பது என் கட்சி.

அடித்துணியைத் தரையில் விரித்து டேப் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், இழுத்துவிடக் கூடாது. இழுத்தால் டேப்பை எடுத்ததும் சுருங்கி மேலே புடைத்துக்கொள்ளும். நடுவிலிருந்து வெளியே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு. இந்த அளவுக்கு 350 ஊக்கு ஆகும், ஒரு அட்டை வாங்கி வைத்துவிட்டு ஆரம்பிக்காதீர்கள். அலமாரியைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அன்றைக்குச் சேலையின் மறுமுனையைப் பிடிக்கட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, நானே பட்டது. ஒரு ஐப்பசி மாதம் ஊக்கு குத்திய குயில்ட்டை அப்படியே சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தால் ஊக்கு இருந்த இடமெல்லாம் பழுப்புப் புள்ளி. துரு. எலுமிச்சை, உப்பு எதற்கும் முழுசாகப் போகவில்லை. மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஊக்கோடு கிடக்கும் என்று தெரிந்தால் ஊக்கே வேண்டாம், வெள்ளை நூலில் நீள நீளமான ஓட்டுத்தையலாகக் குறுக்கும் நெடுக்கும் போட்டுவிடுங்கள், ஆறு மாதம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் மேஜை விரிப்பை இன்றைக்கே எடுத்து ஊக்குகளைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பல வேலையை ஒன்றாக வைத்திருப்பதில் சாமர்த்தியம் என்று ஒன்று இருந்தால் அது கீழே வைப்பதில்தான் இருக்கிறது. சில கட்டத்தில் நிறுத்தலாம், சிலதில் நிறுத்தக் கூடாது. வட்டச் சட்டத்தில் மாட்டிய துணியை மாட்டியபடியே விட்டால் வளையம் அழுக்குக் கோடாக நின்றுவிடும். கஞ்சி போட்டு வெட்டிய துண்டுகளை மாதக்கணக்கில் வைத்தால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. தண்ணீரில் அழியும் நீல மார்க்கரில் கோடு போட்டிருந்தால், அழிக்காமல் இஸ்திரிப் பெட்டி வைத்துவிட்டால் அந்தக் கோடு போகவே போகாது என்று ஆகிவிடலாம். தானாக மறையும் ஊதா மார்க்கரோ எதிர்மாறு, நம் ஊர் ஈரக்காற்றில் நீங்கள் திரும்பி வருவதற்குள் காணாமல் போயிருக்கும். டெய்லர் சாக்குக்கட்டியோ தேய்ந்த சோப்புச் சில்லோ எவ்வளவோ மேல். மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு பிடிப்பவராக இருந்தால் அன்றன்றைக்கே உரித்துவிடுங்கள், பசை இறங்கிவிடும்.

அப்புறம், கீழே வைக்கும்போது ஒரு சீட்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மூடி போட்ட டப்பா, அல்லது பழைய தலையணை உறை, அதில் ஒரு சீட்டு. பிளாக் முடிந்த அளவு, வெட்டு அளவு, எத்தனை முடிந்தது எத்தனை பாக்கி, நூலின் நம்பர், மிஷினில் தையல் நீளம் எதில் வைத்திருந்தீர்கள், விளிம்பை எந்தப் பக்கம் மடித்து இஸ்திரி போட்டீர்கள். கடைசி வரி, அடுத்து செய்ய வேண்டியது என்ன, ஒரே வரியில். "மூன்றாம் வரிசையை நாலாவதோடு சேர்" என்று எழுதியிருந்தால் ஆறு மாதம் கழித்துத் திறந்ததும் கை தானாக ஆரம்பிக்கும். இந்த வரி இல்லாத டப்பாவைத் திறந்தால் ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு மூடத்தான் செய்வீர்கள், நான் பல தடவை மூடியிருக்கிறேன்.

சுங்குடிப் போர்வைக்கு வருவோம். பழைய பிளாக்கும் புதுப் பிளாக்கும் ஒரே அளவில் வரவில்லை என்பது நாள் விட்டுத் தைக்கிற எல்லாருக்கும் வரும் புகார். தையலுக்கு விடும் கால் இன்ச் விளிம்பில் ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு பிசகினால் கண்ணுக்கே தெரியாது, ஆனால் ஒரு தையலில் இரண்டு பக்கத் துணியிலும் பிசகுவதால் அது இரட்டிப்பாகும், ஒரு வரிசையில் பத்துத் தையல் இருந்தால் ஒன்றேகால் இன்ச் காணாமல் போயிருக்கும். அதனால் டப்பாவைத் திறந்த அன்றைக்கு நேராக பிளாக்கில் கை வைக்காதீர்கள். ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று துண்டு வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுத்துண்டு சரியாக 1 இன்ச், மொத்தம் 3½ இன்ச். வந்தால் உங்கள் மிஷினும் கையும் சரி, வராவிட்டால் ஊசியிலிருந்து கால் இன்ச் தள்ளி மிஷின் தட்டில் பிளாஸ்திரியை நாலு மடிப்பாக ஒட்டி அதை ஒட்டியே துணியை ஓட்டுங்கள்.

ஆனால் 42 பிளாக் வேண்டுமா என்று கேட்கிறேன். கையில் இருப்பது 20. அது 12 இன்ச் பிளாக் என்றால் 4 x 5 ஆக அடுக்கினால் 48 x 60. சுற்றிலும் 6 இன்ச் பார்டர் வைத்தால் 60 x 72, சிங்கிள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஒரு அடி தொங்கும் அளவு. ஆரம்பித்தபோது நினைத்த அளவில்தான் முடிக்க வேண்டும் என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. சுங்குடியில் சிவப்பும் அரக்கும் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் தண்ணீர் தெளியும் வரை அலசாமல் வெளிர்நிறத்தோடு சேர்க்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

தேதி உள்ளது குழந்தையின் குயில்ட் ஒன்றுதான், எனவே மிஷினில் இப்போது அதுவே ஓடட்டும். 36 x 40 இன்ச்சைத் தாண்டாதீர்கள், அப்போதுதான் அடித்துணி ஒட்டுப்போடாமல் ஒரே அகலத்தில் கிடைக்கும். நாலரை இன்ச் சதுரம் 90 வெட்டினால் போதும், வரிசைக்கு 9 வீதம் 10 வரிசை, எல்லாத் துணியும் சேர்த்து ஒன்றேகால் மீட்டர்தான் ஆகும். மகளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள், ஒரு வயது வரை தூங்கும் குழந்தைமேல் இதைப் போர்த்த வேண்டாம், தரையில் விரித்து விளையாட விடலாம்.

இல்லை, சுங்குடியில் 42 பிளாக்கும் வேண்டும் என்றால், இதை ஓட்டும்போதே அதையும் நகர்த்த ஒரு வழி இருக்கிறது. மிஷினில் தையலைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நூல் சிக்காமல் இருக்க ஒரு கழிவுத் துணியை ஓட்டுவோம் இல்லையா, அந்த இடத்தில் சுங்குடித் துண்டு இரண்டை ஜோடியாக ஓட்டுங்கள். நாற்பது தடவை உட்கார்ந்து எழுந்தால் நாற்பது ஜோடி தானாகச் சேர்ந்திருக்கும், தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டாம். துண்டுகளை வெட்டி மிஷின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பனியன் துணி கலந்ததை விட்டுவிடுங்கள். பனியன் இழுபடும், காட்டன் இழுபடாது, பின்பக்கம் ஒட்டும் கேன்வாஸ் இல்லாமல் இரண்டையும் தைத்தால் ஒவ்வொரு துவைப்புக்கும் கோணிக்கொண்டே போகும். இதுவரை தைத்ததை நாலாக மடித்து ஓரம் அடித்துக் குளியலறை வாசலில் மிதியடியாகப் போடுங்கள். ஒன்று குறைந்தது.

பழைய சேலை வேலையை நான் வேலைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன், பேட்டிங்கும் இல்லை, அதற்கென்று ஹாலைக் காலி செய்யவும் வேண்டாம், எங்கே விட்டாலும் அப்படியே காத்திருக்கும். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் கவண்டி என்ற குயில்ட் தைப்பார்கள். நாம் மேல்துணியைத் தைத்துவிட்டு நடுவிலிருந்து வெளியே வருவோம். அவர்கள் ஓர் ஓரத்தில் ஆரம்பித்து, துண்டுகளை வைத்து ஓட்டுத்தையல் போட்டபடியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அப்படியும் செய்து பாருங்கள், வெளிச்சுற்று முடிந்ததும் ஓரத்தின் பிசிறும் நின்றுவிடும், இடையில் எத்தனை மாதம் விட்டாலும் பயமில்லை.

அறுகோணங்களை டப்பாவிலிருந்து எடுத்து ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போடுங்கள், இருபது காகிதம், இருபது துண்டு, ஊசி, நூல், சின்னக் கத்தரி. அது கைப்பையிலேயே இருக்கட்டும். பிரசவத்துக்கு மருத்துவமனையில் காத்திருக்கும் நேரம் நிறைய வரும்.