போட் மாஸ்டர் (தியேட்டர் பனர் எழுதியவர்) பதில்கள்: கட்டபொம்மனுக்கு இஸ்திரி வேண்டாம்

கேள்வி: ஐயா, காலமான அப்பாவின் ட்ரங்குப் பெட்டியில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ போஸ்டர் ஒன்று எட்டாக மடித்தபடி கிடைத்தது. 1959இல் அடித்த அசல்தானா என்று எப்படி அறிவது? மடிப்புப் போக அயன் பண்ணி, லமினேட் செய்து ஹோலில் மாட்டலாம் என்கிறான் மகன்.
(வாசகி, உவர்மலை)

பதில்: முதலில் மகனின் கையிலிருந்து அயன் பொக்ஸை வாங்கி வையுங்கள், பிள்ளை. ஏற்கெனவே காய்ந்துபோன தாள். சூடு பட்டால் மடிப்பிலேயே பிளக்கும். லமினேட் அதைவிட மோசம், ஒட்டினால் பிறகு உரிக்க முடியாது.

மடிப்பு ஒரு குறையே இல்லை. அந்தக் காலத்தில் போஸ்டர்கள் பெரும்பாலும் மடித்துக் கட்டாகத்தான் வந்தன. அசலா என்பதற்கு முதல் சாட்சியும் அதுதான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மெதுவாகத் தடவுங்கள். கண்ணுக்குக் கோடு தெரிகிறது, விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால், யாரோ பழைய போஸ்டரைப் படம் பிடித்து மடிப்போடு சேர்த்தே அச்சடித்துவிட்டார்கள்.

அடுத்து கீழ் ஓரம். அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் அங்கேதான் ஒளிந்திருக்கும். விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972க்குப் பிந்தியது, ஏனென்றால் இந்தியாவில் பின்கோடு வந்ததே அந்த ஆண்டில்தான். ‘மெட்ராஸ்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது 1996இல் ‘சென்னை’ ஆனது, அதையும் கவனியுங்கள். இந்தப் படத்தை 2015இல் டிஜிட்டலாக்கித் திரும்ப வெளியிட்டார்கள், அதற்கும் போஸ்டர் அடித்தார்கள். அது பழைய தாள் போல மஞ்சளித்திருக்காது.

இன்னும் சந்தேகமா? நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்றை இரவல் வாங்குங்கள். சிவாஜியின் மீசையை விடுங்கள், படத்தின் பெயர் எழுத்தைப் பாருங்கள். எழுத்துக்குள் இடைவெளி இல்லாமல் மை நிரம்பி, விளிம்பு சுத்தமாக இருந்தால் நம்பலாம். எழுத்துக்கூடப் பொடிப் பொடிப் புள்ளிகளால் ஆனதென்றால் அது நகல். இது எனக்குப் பிடித்த சோதனை. முகத்தில் ஏமாற்றலாம், எழுத்தில் ஏமாற்றுவது கஷ்டம். நானும் தியேட்டர் பனருக்கு எழுத்து எழுதியவன் அல்லவா!

விரிப்பதென்றால் கச்சான் காற்று அடிக்கும் மழையில்லா மாதங்களில் விரியுங்கள், மாரி வேண்டாம். இரண்டு சுத்தமான மை ஒற்றுத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பலகையும் பாரமும் வையுங்கள். செலோடேப்பைத் தொடவே கூடாது, அதன் பசை சில வருடங்களில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கும். பிறேம் போடும்போது கண்ணாடி தாளில் முட்டாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்க் கடற்காற்று ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் சலூனில் பல வருடமாகத் தொங்கும் சரித்திரப் படப் போஸ்டரில் ராஜாவின் முகம் நீலமாக இருக்கிறது. ஓவியர் வேண்டுமென்றே செய்ததா?
(வாசகர், மூதூர்)

பதில்: செய்யக்கூடியவர்கள்தான். சரித்திரப் படம் என்றால் முகத்தின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை என்று அடித்துவிடுவார்கள். ரோட்டின் அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறவனை நிறுத்த வேண்டுமே! நாங்கள் போஸ்டரைப் பார்த்துப் பெரிதாக வரையும்போது, அதில் பென்சிலால் கட்டம் போட்டு, துணியிலும் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்புவோம். அப்படிக் கிட்டப் போனால்தான் தெரியும், மூக்கு நிழலில் ஊதாவும் கன்னத்தில் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். பத்தடி தள்ளி நின்றால் அது தோல் நிறம்.

ஆனால் உங்கள் ராஜாவுக்கு வந்தது வேறு. அந்தச் சுவருக்கு வெயில் வருகிறதா என்று பாருங்கள். அச்சு மையில் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் முதலில் வெளிறும், நீலமும் கறுப்பும் கடைசிவரை நிற்கும். முழுப் படமும் நீலம் பாய்ந்திருந்தால் ஓவியரைத் திட்டாதீர்கள், யன்னலுக்குத் திரை போடுங்கள். போன நிறம் திரும்பாது. மேலே பெயின்ற் பூசித் திருத்தலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள், கூடாது.

கேள்வி: பழைய போஸ்டர் ஒன்று என்ன விலை போகும், ஐயா?
(வாசகர், பாலையூற்று)

பதில்: நேரில் பார்க்காமல் விலை சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். மூலை கிழிசல், பின்பக்கப் பசைக் கறை, மடிப்பில் ஓட்டை எல்லாம் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். கிழிசலை ஒட்டிவிட்டுக் காட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஒட்டாததற்குத்தான் கூடத் தருவார்கள்.