வாசகர் கேள்வி – பதில்: கேட்ட நினைவகம் கிடைத்தும் நிரல் ஏன் நின்றது?

கேள்வி: லினக்ஸ் இயங்கும் என் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகமும் (ரேம்), அது போதாதபோது உதவ வட்டில் ஒதுக்கிய 2 ஜிபி ஸ்வாப்பும் உள்ளன. சி மொழியில் எழுதிய என் நிரல், நினைவகம் கேட்க உதவும் மாலாக் என்ற செயற்கூறு மூலம் ஒவ்வொரு ஜிபியாக 16 முறை நினைவகம் கேட்டது. ஒருமுறைகூட மறுப்பு வரவில்லை. ஆனால் அந்த இடங்களில் தரவை நிரப்பத் தொடங்கிய சற்று நேரத்தில் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டது. இல்லாத நினைவகத்தைக் கணினி எப்படித் தந்தது?
– பொறியியல் மாணவி, கோவை

பதில்: மாலாக் வெற்றி என்று சொன்னபோது உங்கள் நிரலுக்குக் கிடைத்தவை முகவரிகள் மட்டுமே, அவற்றுக்குப் பின்னால் அந்நேரம் ரேம் எதுவும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. இந்த நீளமுள்ள முகவரிப் பரப்பை இந்த நிரல் பயன்படுத்தலாம் என்று இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தன் கணக்கில் குறித்துக்கொண்டதோடு சரி. அந்தப் பரப்பில் ஓரிடத்தில் நீங்கள் முதன்முதலாக எழுத முற்படும்போது, எந்த முகவரிக்கு ரேமின் எந்த இடம் என்று காட்டும் பக்க அட்டவணையில் அதற்குரிய பதிவு இல்லாததால், ப்ராசஸர் நிரலை நிறுத்திவைத்துக் கெர்னலை அழைக்கிறது. இதற்குப் பேஜ் ஃபால்ட் என்று பெயர். கெர்னல் ரேமிலிருந்து 4096 பைட் அளவுள்ள காலித் துண்டு ஒன்றை, அதாவது ஒரு பக்கத்தை, எடுத்து, அதில் முன்பு இருந்த பிறருடைய தரவு உங்கள் நிரலின் கையில் சிக்கிவிடாதபடி முழுவதையும் சுழியால் நிரப்பி, அட்டவணையில் பதிந்த பிறகு, நின்ற இடத்திலிருந்தே நிரலைத் தொடரவிடுகிறது. பெரிய பக்கங்கள் பயன்பாட்டில் இல்லாத கணினியில் 1 ஜிபியை நிரப்பி முடிக்க 2,62,144 பக்கங்கள் இவ்வாறு வந்து சேர வேண்டும்.

தொடும்போது மட்டும் பக்கத்தைக் கொண்டுவரும் ஏற்பாடு பழையது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையிலான குழுவினர் உருவாக்கி, 1962 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, சிறிய உள்நினைவகத்தையும் சுழலும் காந்த டிரம்மையும் நிரலாளருக்கு ஒரே நினைவகமாகக் காட்டியது. அதற்கு முன்பெல்லாம் தரவின் எந்தத் துண்டை எப்போது உள்ளே கொண்டுவருவது என்பதையும் நிரலாளரே எழுத வேண்டியிருந்தது. அந்தச் சுமையை இயந்திரம் ஏற்றுக்கொண்டதைக் கணினி வரலாற்றின் பெரிய விடுதலைகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

இனி 16 ஜிபி விஷயம். லினக்ஸின் இயல்பான அமைப்பில் கெர்னல் ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாகவே பார்க்கிறது. ரேமும் ஸ்வாப்பும் சேர்ந்த மொத்தத்தை மீறும் கோரிக்கையை மட்டும் மறுக்கிறது. ஒரே அழைப்பில் 16 ஜிபி கேட்டிருந்தால் உங்களுக்கு மறுப்பு வந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டதால் எல்லாமே தேறிவிட்டன. இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. 6 ஜிபி பிடித்திருக்கும் ஒரு நிரல் சிறிய கட்டளை ஒன்றை இயக்க விரும்பி ஃபோர்க் செய்கிறது, அதாவது தன்னைப் போலவே ஒரு நகலை உருவாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறக்கும் நகலும் தாளில் 6 ஜிபிக்கு உரிமை உடையது. ஆனால் பக்கங்கள் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கின்றன, யாராவது எழுதும்போதுதான் பிரிகின்றன, நகலோ அடுத்த கணமே வேறு நிரலாக மாறிவிடுகிறது. கணக்கைக் கறாராகப் பார்த்தால் இந்தச் சிறு காரியத்துக்கும் இன்னொரு 6 ஜிபி கையிருப்பு வேண்டியிருக்கும்.

வாக்களித்ததையெல்லாம் ஒரே நேரத்தில் தர வேண்டிய நிலை வந்து, ஸ்வாப்பும் நிரம்பிவிட்டால், கெர்னலின் ஓஓஎம் கில்லர் (ஓஓஎம் என்றால் ‘அவுட் ஆஃப் மெமரி’, நினைவகம் தீர்ந்த நிலை) என்ற பகுதி செயல்படத் தொடங்குகிறது. அது ஒவ்வொரு நிரலுக்கும் பெரும்பாலும் அது பிடித்திருக்கும் நினைவகத்தைக் கொண்டு ஒரு மதிப்பெண் இடுகிறது. நிர்வாகி விரும்பினால் அதை −1000 முதல் 1000 வரை திருத்தலாம், −1000 பெற்ற நிரல் தொடப்படாது. மற்றவற்றில் மதிப்பெண் மிகுந்த நிரல், தடுக்கவோ தரவைச் சேமிக்கவோ வாய்ப்பின்றி முடிக்கப்படுகிறது. இங்கே பெருமளவு பிடித்திருந்தது உங்கள் நிரல்தான். ஆகவே மாலாக் வெற்றி பெற்றதா என்று சோதிப்பது அவசியம் என்றாலும் அது போதுமான பாதுகாப்பாகாது. தாங்கக்கூடிய அளவை முன்கூட்டியே கணித்து, தரவைத் துண்டுதுண்டாகக் கையாளும்படி நிரலை அமைப்பதே சரியான வழி.

கேள்வி: என் சர்வரில் ‘ஃப்ரீ’ கட்டளை எப்போதும் காலி நினைவகம் மிகக் குறைவு என்றே காட்டுகிறது. ரேம் கூட்ட வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். படித்த கோப்புகளின் நகலைக் கெர்னல் காலி ரேமில் வைத்துக்கொள்கிறது. நிரல்களுக்குத் தேவை வரும்போது அவற்றில் பெரும்பகுதியை உடனே விட்டுக்கொடுக்கும். ‘அவைலபிள்’ என்ற பத்தியைப் பாருங்கள். அதுவும் குறைந்து, ஸ்வாப்புக்குப் போவதும் வருவதும் ஓயாமல் நடந்தால்தான் ரேம் போதவில்லை என்று பொருள்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகக் கணினித் தொகுதியில் பணிகளைக் கணினிகளுக்குப் பங்கிடும் ஸ்லர்ம் மென்பொருள் வழியாக 4 ஜிபி கேட்டு ஒரு பணியை அனுப்பினேன். அது ஓடிய கணினியில் நினைவகம் ஏராளமாகக் காலியாக இருந்தும் என் பணியைக் கொன்றுவிட்டது. இது நியாயமா?
– ஆய்வு மாணவர், சென்னை

பதில்: நியாயம்தான். ஒரு கணினியில் எத்தனை பணிகளை ஏற்றலாம் என்பதை, நினைவகத்தைப் பங்கிடும்படி அமைக்கப்பட்ட ஸ்லர்ம், பணிகள் கேட்ட அளவை வைத்தே முடிவு செய்கிறது. உண்மையில் பயன்படுத்தும் அளவை வைத்து அல்ல. நீங்கள் காலி என்று கண்டதில் ஒரு பகுதி, கேட்டுவிட்டு இன்னும் தொடாத மற்றவர்களுடையதாக இருக்கலாம். கேட்ட எல்லையை, நிரல்களின் குழுவுக்கு வரம்பு விதிக்கும் லினக்ஸின் சி-குரூப் வசதி காக்கிறது. எல்லையைத் தாண்டும் பணியில் மட்டும், கணினி முழுவதும் நிரம்பும்வரை காத்திராமல், ஓஓஎம் கில்லர் கைவைக்கிறது. இல்லையென்றால் உங்கள் பிழைக்குப் பக்கத்துப் பணி பலியாகியிருக்கும்.

அதற்காக அடுத்த முறை 64 ஜிபி கேட்டுவிடாதீர்கள். அவ்வளவு இடம் ஒரே கணினியில் காலியாகும்வரை வரிசையில் நிற்க நேரிடும், கிடைத்த பிறகும் மற்றவர்களுக்கு அந்த இடம் வீணாகும். சிறிய தரவோடு ஒருமுறை ஓட்டி, ஸ்லர்மின் எஸ்-அக்ட் கட்டளை காட்டும் மேக்ஸ்-ஆர்எஸ்எஸ் அளவை, அதாவது பணி ரேமில் பிடித்த உச்ச அளவைக் குறித்துக்கொண்டு, தரவு பெருகும்போது அது எப்படி வளர்கிறது என்று பார்த்து, சற்றுக் கூடுதலாகக் கேளுங்கள். அந்த அளவீடு பொதுவாக 30 வினாடிக்கு ஒருமுறை எடுக்கப்படுவதால், இடையில் கணப்பொழுது எழுந்து தணியும் உச்சம் அதில் பதிவாகாமல் போகலாம். கூடுதலாகக் கேட்பது அதற்காகத்தான்.