கொழுப்பு குறைந்த பால் சொல்லும் செய்தி

கேள்வி: கன்று ஈன்று இரண்டு மாதமான எங்கள் கலப்பினப் பசுவின் பாலில் கொழுப்பு 4 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது, பாலின் அளவு குறையவில்லை. காரணம் என்ன?
வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: கடைசிப் பாலில்தான் கொழுப்பு மிகுதி, அதைக் கன்றுக்கு விடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில் தீவனமே காரணமாகலாம். நார்ச்சத்து முதல் வயிற்றில் நொதிக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலமே பால் கொழுப்பின் முக்கிய மூலப்பொருள் என்பதால், வைக்கோலையும் சோளத்தட்டையையும் குறைத்து அரிசிக் கஞ்சியைக் கூட்டினால், அசைபோடுதலும் உமிழ்நீரும் குறைந்து, வயிறு புளித்து, கொழுப்பு சரியும். கொழுப்பு புரதத்தைவிடக் குறைந்திருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கிறது. மாறாக, ஈன்ற முதல் வாரங்களில் அது புரதத்தின் ஒன்றரை மடங்கை எட்டினால், பசு தன் உடல் கொழுப்பைக் கரைக்கிறது. உடல் கொழுப்பு அளவுமீறிக் கரைவதால் இரத்தத்தில் கீட்டோன் என்னும் கழிவுப் பொருள்கள் சேரும் கீட்டோசிஸ் நோய்க்கான அந்த எச்சரிக்கையைத் தயவுசெய்து புறக்கணிக்காமல், கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள்.