ஃபுட்பால் அணியால் லாபமா? கணக்கைப் பிரித்துக் கேளுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் சுமார் 1,400 பேர் படிக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருக்கிறேன். இந்த ஆண்டு பட்ஜெட் கமிட்டியிலும் என்னைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் அணிகள் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3-இல் ஆடுகின்றன. எங்கள் துறையில் ஓய்வுபெற்ற இருவரின் இடம் காலியாகவே கிடக்கிறது. ஆனால் ஃபுட்பால் (ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஆட்டம்) அணிக்குக் கூடுதலாக 30 பேரை எடுக்கப்போகிறார்கள். "ஆளுக்கு 40,000 டாலர், மொத்தம் 12 லட்சம் வரவு" என்கிறது நிர்வாகம். மறுத்துப் பேசினால் விளையாட்டுக்கு விரோதி என்கிறார்கள். கூட்டத்தில் நான் என்ன கேட்பது?

பதில்: விளையாட்டா படிப்பா என்ற பட்டிமன்றத்துக்குள் போகாதீர்கள், அதில் யாரும் ஜெயிப்பதில்லை. அந்த 12 லட்சத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், போதும்.

40,000 என்பது அறிவிப்பில் இருக்கும் கட்டணம். டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரக்கூடாது. ஆனால் மற்ற மாணவர்களுக்குத் தரும் மெரிட் உதவியும் வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியும் வீரர்களுக்கும் உண்டு. அப்படிச் சராசரியாக 24,000 போகிறது என்று வையுங்கள். கைக்கு வருவது 16,000. 30 பேருக்கு 4.8 லட்சம். அணி இல்லாவிட்டாலும் இங்கேயே சேர்ந்திருக்கக்கூடிய 10 பேரைக் கழித்தால் 3.2 லட்சம். (வழியைக் காட்டத்தான் இந்த எண்கள்; உங்களுடையதை நிதி அலுவலகத்தில் வாங்குங்கள்.) விடுதி, சாப்பாட்டுக் கட்டணத்தில் மிஞ்சுவதையும் நியாயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செலவு. துணைக் கோச், ஹெல்மெட்டும் பேடும், காயம் பார்க்கும் அத்லெட்டிக் டிரெய்னர், இன்ஷூரன்ஸ் எல்லாம் விளையாட்டுத் துறைக் கணக்கில் தெரியும். செயற்கைப் புல்தரை பெரும்பாலும் தெரியாது. மைதானத்தைக் கட்ட நன்கொடை கிடைத்திருக்கும். ஆனால் சுமார் 10 ஆண்டுகளில் தரையை உரித்துப் புதிதாகப் போட வேண்டும், அதற்கு நன்கொடையாளர் வருவது அபூர்வம். அந்தச் செலவை ஆண்டுவாரியாகப் பிரித்து ஏற்றச் சொல்லுங்கள்.

ஆண்டுதோறும் மத்தியக் கல்வித் துறைக்குப் போகும் ஈ.ஏ.டி.ஏ. என்ற விளையாட்டு வரவு செலவு அறிக்கையை யாராவது நீட்டினால் கவனம். பல சிறிய கல்லூரிகளின் அறிக்கையில் வரவும் செலவும் டாலர் பிசகாமல் சமமாக இருக்கும். பற்றாக்குறைக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த பணத்தையே வரவாக எழுதுவதால் வரும் சமம் அது. அதை வைத்து லாப நஷ்டம் பேச முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான காகிதம் வேறு. கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு அணிக்கும் சேர்ந்த முதலாண்டு மாணவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பினார்கள்? அணியை ஊதப் பெருக்கினால் கடைசி 30 பேருக்குக் களத்தில் இடம் கிடைக்காது, வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ்ஸிலும் இடம் இருக்காது. ஆடத்தான் வந்தார்கள், ஆட்டமில்லை என்றால் ஒரே வருடத்தில் கிளம்பிவிடுவார்கள். நான்கு ஆண்டு வருமானம் என்று போட்ட கணக்கு அங்கேதான் உடைகிறது. மறு வருடம் அதே 30 இடத்துக்கு மறுபடியும் ஆள் பிடிக்க வேண்டும். கோச்சின் வேலையே அதுவாகிவிடும்.

கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் 9 சட்டத்தையும் மறக்காதீர்கள். ஆண்களுக்கு 30 இடம் கூடினால், மாணவர் தொகையில் பெண்களின் விகிதத்துக்கும் அணிகளில் அவர்கள் விகிதத்துக்கும் இடைவெளி கூடும். அந்த விகிதத்தைக் காட்டித்தான் உங்கள் பல்கலைக்கழகம் சட்டத்துக்கு உட்படுகிறது என்றால், பெண்கள் அணி ஒன்றின் செலவும் இந்தத் திட்டத்தின் தலையில்தான் விழும்.

அணியையே மூடச் சொல்லலாமா? ஸ்பெல்மன் என்ற பெண்கள் கல்லூரி 2012-இல் என்.சி.ஏ.ஏ. விளையாட்டை விடுவதாக அறிவித்து, அந்தப் பணத்தை எல்லா மாணவியருக்குமான உடல்நலத் திட்டத்துக்குத் திருப்பியது. அங்கே சுமார் 2,100 பேரில் வீராங்கனைகள் 80 பேர்தான். உங்கள் இடத்தில் நான்கில் ஒருவர் வீரர் என்றால் மூடுவது சேர்க்கையையே சாய்க்கும். கேட்காமல் இருப்பதே நல்லது.

தீர்மானத்தை இப்படிக் கொண்டுபோங்கள்: முதலில் 15 பேர். அவர்கள் திரும்பும் விகிதம் பல்கலைக்கழகச் சராசரிக்குக் கீழே போனால் அடுத்த 15 கிடையாது. நிகர வருமானத்தில் ஒரு பங்கு முதலில் வேதியியல் பணியிடத்துக்கு. அதற்கு ஈடாக உங்கள் துறையும் தன் மாணவர் எண்ணிக்கை, லேப் செலவு இரண்டையும் அதே படிவத்தில் போட்டுத் தர வேண்டும். இதற்குச் சக பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. கூடவே வெள்ளிக்கிழமை மதிய லேப்களைத் திங்கள், செவ்வாய்க்கு மாற்ற ரெஜிஸ்ட்ராரிடம் இப்போதே பேசுங்கள். சனிக்கிழமை வெளியூர் ஆட்டம் என்றால் பஸ் வெள்ளி மதியமே கிளம்பிவிடும்.